அடீனியம், செங்காந்தள் விதைக்கு எந்த மண்? எல்லாம் அழுகுது

ஈசூன்_செடிக்காரி:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசல் தாழ்வாரம்தான் என் தோட்டம். பத்து அடீனியம் (பாலைவன ரோஜா) விதை, எட்டு செங்காந்தள் விதை கிடைத்தது. கடையில் வாங்கிய பூச்செடி மண் மூட்டையைப் பிரித்து அப்படியே தொட்டியில் கொட்டி விதைத்தேன். அடீனியத்தில் ரெண்டு முளைத்து, தண்டு அடியில் நூலாய் மெலிந்து சாய்ந்துவிட்டது. மீதியை நோண்டிப் பார்த்தால் கூழ். செங்காந்தள் அசையவே இல்லை. மேலே வெள்ளைப் பூஞ்சை, போதாததற்குக் குட்டிக் கறுப்புப் பூச்சி வேறு. உரம் போதவில்லையோ?

மண்புழு_மாமா:
உரம் போதாமல் இல்லைம்மா, அதிகமாகிவிட்டது. அடீனியம் மாதிரி விதைக்கு முதல் சாப்பாடு உள்ளேயே இருக்கிறது, நாலு நிஜ இலை வரும்வரை வெளியிலிருந்து எதுவும் கேட்காது. அந்த மூட்டை மண் வளர்ந்த செடிக்கானது, மக்கிய உரம் நிறைய, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம்ம ஊர் ஈரக்காற்றில் அது காயவே காயாது, விதை மூச்சுத் திணறிச் செத்துப்போகும், பூஞ்சைக்குத்தான் விருந்து. அடீனியத்தின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவும் அரேபியாவும், வறண்ட பூமி. பாதி பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல்), பாதி தேங்காய் நார்த்தூள் போதும். விதையைப் படுக்க வைத்து மெல்லிசாக மூடுங்கள். புது விதையாக இருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், பழசு என்றால் எந்த மண்ணும் காப்பாற்றாது.

பால்கனி_பாசி:
மாமா சொன்னது சரி, ஆனால் நார்த்தூளைக் கழுவச் சொல்ல மறந்துவிட்டார். மலிவான கட்டிகளில் உப்பு இருக்கும், மூன்று நாலு தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். நான் பெர்லைட்டுக்குப் பதிலாக இங்கே நர்சரியில் கிடைக்கும் சுட்ட மண்ணைச் சலித்து, தூளை எறிந்துவிட்டு, பயறு அளவு கட்டிகளை மட்டும் போடுகிறேன். கனமாக இருப்பதால் காற்றடித்தாலும் தொட்டி சாயாது. சலிக்காமல் போட்டீர்களோ, சேறுதான். விதைப்பதற்கு முன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிடுங்கள், பூச்சி முட்டை போய்விடும்.

மண்புழு_மாமா:
சுட்ட மண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒவ்வொரு மூட்டையும் ஒரு மாதிரி. சரி, உங்களுக்குக் கைகூடினால் நல்லதுதான்.

ஈசூன்_செடிக்காரி:
நன்றி மாமா, நன்றி பாசி. அப்போ செங்காந்தளுக்கும் இதே கலவையா?

கார்த்திகை_கிழங்கு:
இல்லை அக்கா, அதற்குக் கொஞ்சம் ஈரம் தங்க வேண்டும். நார்த்தூள் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, அரைக் கைப்பிடி பெர்லைட். நான் ஒரு நாள் ஊற வைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பேன். அப்புறம் மறந்துவிடுங்கள். ஒரு மாதம், ரெண்டு மாதம், இன்னும் கூட ஆகலாம், விதைக்குள் உறக்கம் அப்படி. உங்களுடையது அழுகாமல் கெட்டியாக இருந்தால் எறியாதீர்கள், எடுத்துக் கழுவிப் புதுக் கலவையில் போடுங்கள். என்னுடையது எழுபதாவது நாள் தலை நீட்டியது, அதற்குள் ரெண்டு தடவை குப்பையில் கொட்டப் போனேன். ஒன்று மட்டும் கவனம்: விதை, கிழங்கு எல்லாமே கடும் விஷம், கோல்ச்சிசின் இருக்கிறது. தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பூனைகளும் நடமாடினால் உயரத்தில் வையுங்கள்.

பால்கனி_பாசி:
பூச்சி தின்னும் குடுவைத் தாவர விதை யாராவது கொடுத்தால் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். அதற்கு மண்ணே கூடாது, ஸ்பேக்னம் பாசி மேல் தூவி விடணும், மூடவும் கூடாது, வெளிச்சம் வேண்டும்.

ஈசூன்_செடிக்காரி:
டாபாவ் (பார்சல் சாப்பாட்டு) டப்பாவைத் தொட்டி மேல் கவிழ்த்து மூடலாமா?

மண்புழு_மாமா:
செங்காந்தளுக்கு மூடலாம், தினம் ஒரு தடவை திறந்து காற்று விடுங்கள். அடீனியம் முளைத்ததும் மூடியை எடுத்துவிடணும். அடியில் தட்டு வைத்தால் தண்ணீரை அன்றைக்கே கொட்டுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் உங்களுக்குத்தான், செடிக்கில்லை.