பழைய சேர்விஸ் ஸ்டேஷன் காணி, நிலத்துக்கு அடியில தாங்கி. அட்வான்ஸ் குடுக்கலாமா?

பேக்கரிக்காரன், ஹட்டன்

வணக்கம். டவுனுக்கு வெளிய மெயின் ரோட்டு ஓரமா 22 பேர்ச் காணி பேசி வச்சிருக்கேன், பேக்கரி போட. முன்னால அது வாகன சேர்விஸ் ஸ்டேஷன். கொஞ்ச காலம் டீசல் பம்பும் ஓடியிருக்கு. இப்ப பத்து வருசமா மூடிக் கெடக்கு. உறுதியில வில்லங்கம் இல்லைன்னு நொத்தாரிசு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேக்குறாங்க.

ஞாயித்துக்கிழமை மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கொங்கிரீட் தரையில துருப்பிடிச்ச இரும்பு மூடி ஒன்னு. பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு குழாய் கூரைக்கு மேல போகுது. தரை வெடிப்புல நின்ன தண்ணியில வானவில் கலர்ல படலம். குச்சியால கீறினேன், பிரிஞ்சு போய் திரும்பச் சேர்ந்துக்கிச்சு. காணிக்குக் கீழ இறக்கத்துல தோட்டத்து ஆட்கள் இருக்கிற ஒரு லயம் இருக்கு, அங்க பீலித் தண்ணிதான், அதாவது மலை ஊத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க.

விக்கிறவர் "பழைய ஒயில் வாடைதான், சிமெந்து பூசினா சரி" ங்கிறார். சரியாகுமா?

மண்மாதிரி

சிமெந்து பூசினா மறையும், சரியாகாது. தம்பி, முதல்ல அட்வான்ஸை நிறுத்துங்க.

குச்சியால கீறிப் பார்த்தது நல்ல வேலை. நம்ம பக்கத்து ஓடைகள்ல இரும்பை உண்ணுற நுண்ணுயிராலயும் இந்த மாதிரிப் படலம் வரும். ஆனா அது கண்ணாடிச் சில்லாட்டம் உடைஞ்சு அப்படியே நிக்கும். திரும்பக் கூடுறது எண்ணெய். அந்தக் குழாய் அனேகமா தாங்கி மூச்சு விடுறதுக்கு வச்சது, அப்ப தாங்கி இன்னும் உள்ளதான் இருக்கும். மூடியை நீங்களா திறக்காதீங்க, நெருப்பு கிட்டவே போகக்கூடாது. வெறுந்தாங்கிக்குள்ள நிக்கிற ஆவி வெடிக்கும்.

நான் ஆய்வுகூடத்துக்கு மண் எடுக்கிற வேலையில இருந்தவன். இந்த மாதிரிக் காணியைச் சோதிக்க ரெண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்துல தோண்டவே மாட்டாங்க. பழைய உறுதிகள், நகர சபைக் கோப்பு, நில அளவைத் திணைக்களத்து வான்படம், அங்க வேலை செஞ்ச ஆட்களோட பேச்சு, இதையெல்லாம் வச்சு எங்க கழுவினாங்க, எங்க ஒயிலைக் கொட்டினாங்கன்னு ஒரு படம் வரைஞ்சிருவாங்க. அமெரிக்காவுல 1980ல வந்த சட்டம், கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் பண்ற செலவை இப்ப காணி வச்சிருக்கிறவர் தலையிலயும் கட்டும். அதனால அங்க கடை, தொழிற்சாலைக் காணி வாங்க முன்னால இது வழக்கமாயிருச்சு. அந்த அறிக்கைக்கும் 180 நாள்தான் ஆயுசு, பிறகு புதுப்பிக்கணும்.

உங்க இடத்துல இரண்டாம் கட்டமும் வேணும். தாங்கியோட நாலு பக்கமும், அதோட அடிமட்டத்தை விடக் கீழ வரை துளை போட்டு மண் எடுக்கணும். மேல் மண்ணை அள்ளிக் குடுத்துப் பிரயோசனம் இல்லை. தண்ணி எடுத்தா கண்ணாடிப் போத்தல்ல விளிம்பு வரை நிரப்பி, காத்துக்குமிழ் இல்லாம மூடி, ஐஸ் பெட்டியில வைக்கணும். பிளாஸ்டிக் போத்தல்ல அள்ளி வெயில்ல பஸ்ல கொண்டு போனா பெற்றோல் ஆவி வழியிலேயே பறந்துரும், ரிப்போர்ட் "சுத்தம்"னு வரும். டீசலோட நிறுத்தாம கழிவு ஒயில்ல வர்ற உலோகங்களையும் பார்க்கச் சொல்லுங்க.

பேக்கரிக்காரன், ஹட்டன்

நன்றி அண்ணே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிச்சிருக்கேன். அந்த அறிக்கை போதாதா?

மண்மாதிரி

அது மண்சரிவு அபாயம் பார்க்கிற அறிக்கை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு அதோட அருமை நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கட்டாயம் எடுங்க. ஆனா மண்ணு நிக்குமான்னுதான் அது சொல்லும். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு அதுல வராது. அதே நிறுவனத்துல மண், தண்ணி பரிசோதிக்கிற சுற்றாடல் பிரிவு தனியா இருக்கு, அங்கயும் கேளுங்க.

எனக்குப் பயம் அந்தப் பீலிதான். மலையில மழைத்தண்ணி மண்ணுல இறங்கி, கெட்டிப் பாறை தட்டின இடத்துல சாய்வோட ஓடி, கீழ ஊத்தா வெளிய வரும். தாங்கி கசிஞ்சிருந்தா அதுவும் அந்த வழியே போகலாம். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணியில பென்சீனுக்கு, அதாவது பெற்றோலிய எண்ணெய்ல இருக்கிற நஞ்சுக்கு வச்ச அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான். அவ்வளவு கொஞ்சம் நாக்குக்கோ மூக்குக்கோ தெரியாது.

நொத்தாரிசு கிளார்க்

காணிப் பதிவகத்துல தேடினா ஈடு, வழக்கு, பங்கு தெரியும். ஒயில் தெரியாது. ஆனா பழைய உறுதியையும் குத்தகைப் பத்திரத்தையும் வாசிச்சா யார் எந்த வருசம் என்ன தொழில் நடத்தினாங்கன்னு கிடைக்கும். சேர்விஸ் ஸ்டேஷனுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேணும். விக்கிறவர்கிட்ட அதோட பிரதியைக் கேளுங்க. அட்வான்ஸ் குடுத்தே ஆகணும்னா, பரிசோதனை முடிவு சரியில்லைனா முழுக் காசும் திரும்பணும், தாங்கி எடுக்கிற செலவு விக்கிறவரோடதுன்னு உடன்படிக்கையில எழுதுங்க. வாய்ச்சொல்லை நம்பாதீங்க.

பண்டாரவளை அக்கா

நாங்க ஒரு பழைய கராஜை வாங்கிக் கடை கட்டினோம். மலசலகூடக் குழி வெட்டுறப்ப ஆறு அடியில தார் மாதிரி கருப்பு மண். அள்ளிப் போட இடம் கிடைக்காம மூனு மாசம் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம். கட்டட லோன் வட்டி அது பாட்டுக்கு ஓடுச்சு. வெட்டிப் பார்த்துட்டு வாங்குங்க தம்பி.

பேக்கரிக்காரன், ஹட்டன்

மூனு கிழமைக்குப் பிறகு எழுதுறேன். அட்வான்ஸ் குடுக்கல. துளை போட விக்கிறவர் சம்மதிச்சார். தாங்கியோட கீழ்ப்பக்கத் துளையில ஏழு அடி ஆழத்தைத் தாண்டினதும் சாம்பல் நிற மண், கையில எடுத்ததுமே டீசல் வாடை. மத்த மூனும் செம்மண்தான். ஆய்வுகூட முடிவு இன்னும் வரல. லயத்துல சொல்லவா, முடிவு வரட்டுமா?

மண்மாதிரி

இன்னைக்கே சொல்லுங்க. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கிட்டயும் சொல்லிப் பீலித் தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்லுங்க. கொதிக்க வச்சா போயிரும்னு யாரும் நினைச்சிரக்கூடாது, அதைத் தெளிவாச் சொல்லுங்க.

பேக்கரிக்காரன், ஹட்டன்

சாயந்தரம் போய்ச் சொல்லிட்டேன். பீலியில குடத்தோட நின்ன ஒரு அம்மா, மழைக்காலத்துல தண்ணியில மண்ணெண்ணெய் வாடை வரும், குழாயில இருந்துதான்னு நினைச்சோம்னாங்க. பி.எச்.ஐ. நாளைக்கு வர்றார். குடிக்க மட்டுமாவது தோட்டத்து மேல்பிரிவுல (மேல்கணக்கு) இருந்து தண்ணி எடுக்கச் சொல்லியிருக்கேன். என் வேன்ல காலையில ரெண்டு தடவை ஏத்திக் குடுக்கிறேன்.