கார்பன் டை ஆக்சைடு கூடினால் காபிக்கு நல்லதா? தோட்டத்திலும் ஆய்விலும் பார்த்தது

பழனி மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. நான் படித்தது தாவர உடலியங்கியல். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா விடாமல் கேட்பார்: "ஏம்ப்பா, காத்துல கரியமில வாயு கூடுதுங்கிறீங்க. செடிக்கு அதுதானே சாப்பாடு? அப்ப காபிக்கு நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. இலையை மட்டும் பார்த்தால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் இந்த வாயு சுமார் 315 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 315 பங்கு, இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல்லைப் போலவே காபியும் சி3 வகை. இந்த வகைச் செடிகளில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி, நடுநடுவே ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அதனால் சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வீணாக வெளியேறும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்த இழப்பு குறையும்.

காபிக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. படிக்கும் காலத்தில் காபி இலைகளைக் கருவியின் கவ்வியில் பிடித்து ஒளிச்சேர்க்கையை அளந்திருக்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். மூச்சு பட்டாலே கருவியில் எண் எகிறும், அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்போம். காபி இலையில் காற்றுத் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. காற்று வறண்டு வெயில் ஏறியதும், வேரில் ஈரம் இருந்தாலும், அவை சுருங்கத் தொடங்கிவிடும். மதியம் அதே இலையை அளந்தால் எண் பாதாளத்தில் கிடக்கும். காபி இலைக்குள் வாயு நுழைவதே சிரமம். அதனால்தான் வெளியே அடர்த்தி கூடும்போது அதற்குப் பலன் நன்றாகத் தெரிகிறது.

இதைத் திறந்த வெளியிலேயே செய்து பார்த்த இடம் பிரேசில். சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஜாகுவாரியூனாவில், அந்நாட்டு அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராபாவின் நிலத்தில், 2011இல் தொடங்கினார்கள். செடிகளைச் சுற்றிக் குழாய் அமைத்து, வயல்வெளியிலேயே வாயுவைச் செலுத்தி, அடர்த்தியைச் சுற்றுப்புறத்தைவிட 200 பிபிஎம் அளவுக்குக் கூட்டினார்கள். கடுவாயி, ஒபாட்டா என்ற இரண்டு அராபிகா ரகங்கள். ஒளிச்சேர்க்கை நன்றாகக் கூடியது, விளைச்சலும் முதல் அறுவடைகளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியது. பல செடிகள் கூடுதல் வாயுவுக்குப் பழகிப்போய்ப் பழைய நிலைக்கே இறங்கிவிடும். காபி அப்படி இறங்கவில்லை என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. கடுவாயியின் தாய் தந்தையரில் ஒன்று கடூரா. நம் மலைகளில் இருக்கும் காவேரி ரகத்திலும் அதே கடூரா ரத்தம் ஓடுகிறது, அதனால் இந்த முடிவை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்க முடியாது.

போர்ச்சுகலில் காபிச் செடிகளை அறைகளுக்குள் வளர்த்து, வாயுவை 700 பிபிஎம் வரை வைத்து, வெப்பத்தையும் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். பகல் 37 டிகிரி வரைக்கும் கூடுதல் வாயு இலைக்குக் கைகொடுத்தது. 42ஐத் தொட்டபோது பாதிப்புகள் தெளிவாகத் தெரிந்தன. இலையில் சத்துகளின் அடர்த்தியும் ஓரளவு நீர்த்தது, அதாவது வேகமாக வளரும் செடிக்கு உரமும் கூடுதலாகத் தேவைப்படும்.

சரி, இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் என்னைக் கீழ்ப்பாத்திக்கு அழைத்துப் போனார். பூ மழை தள்ளிப்போன வருஷம் அது. மழை பெய்து எட்டுப் பத்து நாளில் மல்லிகை மணத்தோடு வெள்ளையாய் விரிய வேண்டிய மொட்டுகள், பச்சை கலந்த குட்டை இதழ்களோடு, நட்சத்திரம் போல விறைத்து நின்றன. தொட்டதும் உதிர்ந்தன. வறட்சி நீண்டு, வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் காபிப் பூவில் இது வரும். செடியில் இலை என்னவோ பசேல் என்றுதான் இருந்தது. "இலையை வறுத்தா குடிக்கிறோம்?" என்றார்.

இலைக்குக் கிடைக்கும் உதவி பூவுக்குக் கிடைப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் அறையின் ஈரத்தையும் தண்ணீரையும் நாம் கட்டுப்படுத்துகிறோம். எங்கள் பக்கத்துத் தாண்டிக்குடியில் பிப்ரவரி, மார்ச் மழையை யார் கட்டுப்படுத்துவது? அதே கார்பன் டை ஆக்சைடுதானே பூமியைச் சூடாக்கி அந்த மழையையும் குழப்புகிறது! அந்த வாயு கூடினால் காபிக்கு யோகம் என்று ஒற்றை வரியில் சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் அதை நம்பி நிழல் மரங்களை வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் அப்புறம் சில்வர் ஓக்கோடு பலாவும் கல்யாண முருங்கையும் கூடுதலாக வைத்தோம், பூக்காலத்தில் கொஞ்சமாவது தண்ணீர் தெளிக்கச் சின்னக் குட்டை ஒன்றும் வெட்டினோம். நிழல் அடர்ந்த பகுதியில் நட்சத்திரப் பூ குறைவாகவே தெரிகிறது. ஏற்காடு, கூடலூர், வால்பாறைப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள், பூ மழை தவறிய வருஷங்களில் எந்த ரகம் பூவைத் தாங்கியது, மேலே என்ன நிழல் இருந்தது என்று எழுதுங்கள். சந்திரகிரி என்ற காபி ரகம் போட்டவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடமிருந்து கேட்க ஆசை.