டூம்ஸ்டோன் டாக்டர் குட்ஃபெலோ: உங்கள் அனுபவம்?

பாலைப்பயணி:
போன மாதம் குடும்பத்தோடு அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூம்ஸ்டோன் என்ற பழைய சுரங்க ஊருக்குப் போயிருந்தோம். அந்த ஊரில் துப்பாக்கிச் சண்டை போட்ட ஏர்ப் சகோதரர்கள் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். கிறிஸ்டல் பேலஸ் சலூன் வாசலில் நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜ் குட்ஃபெலோ வைத்தியம் பார்த்த இடம். 1881 டிசம்பரில் இருட்டில் சுடப்பட்ட வெர்ஜில் ஏர்ப்பின் கையை வெட்டாமல், நொறுங்கிய எலும்பை மட்டும் எடுத்தவர். பட்டு குண்டைத் தடுக்கும் என்று கண்டுபிடித்தவரும் அவரே. கூட்டமெல்லாம் சுட்டவர் வேஷத்தோடு படம் எடுத்தது. தைத்தவரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

இரவுப்பணி:
நான் அறுவை மருத்துவர். ஒரு பொங்கல் சமயம், மஞ்சுவிரட்டில் மாடு குத்திய பையனை வேட்டியால் வயிற்றைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். குடலெல்லாம் மண். வெதுவெதுப்பான சலைனை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். கடைசியாக ஒரு வைக்கோல் துணுக்கு மிதந்து வந்தது. அந்த நொடியில் குட்ஃபெலோதான் ஞாபகத்துக்கு வந்தார். 1881 ஜூலை 13, குண்டடிபட்டு ஒன்பது நாளான சுரங்கத் தொழிலாளியின் வயிற்றைத் திறந்து, இதேபோல் கழுவி, குடலில் ஆறு ஓட்டைகளைத் தைத்தார். ஆள் பிழைத்தார். அதே ஜூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் காயத்தைக் கழுவாத விரல்களால் துழாவினார்கள். 79 நாளில் போய்விட்டார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம், சுத்தம் ஒன்றுதான் மருந்து.

ஆரணித்தறி:
பாலைப்பயணி, 'தடுக்கும்' என்பது சரியில்லை. 1881 பிப்ரவரியில் டூம்ஸ்டோனில் சுடப்பட்ட சூதாடி சார்லி ஸ்டார்ம்ஸ் அங்கேயே செத்தார், குண்டு இதயத்தில் பாய்ந்திருந்தது. காயத்திலிருந்து பட்டுக் கைக்குட்டையை இழுத்தால் குண்டு அதற்குள் இருந்தது, துணி கிழியவில்லை. இப்படிப் பார்த்தவற்றைத்தான் குட்ஃபெலோ 1887இல் கட்டுரையாக எழுதினார். எங்கள் வீட்டில் தறி உண்டு. முறுக்கிய பட்டு இழையை விரலில் சுற்றி இழுத்தால் விரல்தான் அறுபடும்.

அப்புறம், போகிறவர்களுக்கு: டூசானிலிருந்து பென்சன் வழியாகப் போங்கள். வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீராவது வேண்டும். காலையிலேயே போய்விட்டால் கூட்டம் குறைவு. பிஸ்பீ ஊரும் பக்கம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளிடம் மெக்சிகோவில் நடந்த 1887 சோனோரா நிலநடுக்கத்தைச் சொல்லுங்கள். எல்லை தாண்டி பவிஸ்பே ஊருக்கு மருந்தோடு போனவர் குட்ஃபெலோ.

பாலைப்பயணி:
பட்டு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நன்றி. டாக்டர், அந்தப் பையன் பிழைத்தானா?

இரவுப்பணி:
பிழைத்தான். தையல் பிரிக்க அவன் அப்பாவோடு நடந்தே வந்தான். அப்பா தோளில் ஒரு வாழைத்தார்.