கோட்டிங்கன் சிற்றரசு சரிந்தது யாரால்: கொடிய ஓட்டோவாலா, பாகப்பிரிவினையாலா?

வடபுலத்தான்:
ஜெர்மனியின் வெல்ஃப் குலத்தில், பிரவுன்ஷ்வைக்-லூனபுர்க் நாட்டிலிருந்து பிரிந்த கோட்டிங்கன் கிளை 1345 முதல் 1463 வரை மட்டுமே நீடித்தது. எர்ன்ஸ்ட், அவர் மகன் ஓட்டோ, பேரன் ஒற்றைக்கண் ஓட்டோ என மூன்றே கோமகன்களோடு அது முடிந்துபோனது. 1367 முதல் 1394 வரை ஆண்ட நடு ஓட்டோவைத்தான் ‘கொடிய ஓட்டோ’ என்கிறார்கள். ஆட்சிக்காலம் முழுவதும் அண்டை நாட்டாரோடும் சொந்தக் குடிகளோடும் சண்டையிட்டே கருவூலத்தைக் காலி செய்த இவர்தான் அந்தச் சிற்றரசின் அழிவுக்குக் காரணம் என்பது என் கருத்து. 1387 ஏப்ரலில் கோட்டிங்கன் நகரத்தார் தங்கள் மதிலுக்குள்ளேயே இருந்த அவருடைய கோட்டையைத் தாக்கி இடித்தார்கள். பழிவாங்க அவர் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பாழாக்கினார். ஜூலையில் ரோஸ்டோர்ஃபுக்கும் குரோனேவுக்கும் இடையே நகரப் படையிடம் தோற்று, ஆகஸ்டில் நகரத்தாரின் உடைமைகளுக்கு உரிய சுதந்திரத்தை ஒப்புக்கொண்டார். தன் தலைநகரத்து வணிகர்களிடமே தோற்ற ஒருவரை வேறு எப்படி மதிப்பிடுவது?

ஏட்டுச்சுவடி:
நண்பரே, தாங்கள் கதையை நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். 1235-இல் மாயின்ஸ் நகரில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் இந்தக் குலத்துக்குக் கோமகன் பட்டம் அளித்தபோது, அது ஒரே நாடாகத்தான் இருந்தது. பட்டம் பெற்றவரின் மகன்களே 1267-இல் பிரித்துக்கொள்ள உடன்பட்டு, 1269-இல் பிரித்தும் கொண்டார்கள். அதன்பின் தலைமுறைக்கொரு பாகப்பிரிவினை. 1345-இல் உடன்பிறந்தவர்களான மாக்னுஸும் எர்ன்ஸ்டும் மறுபடி பிரித்தபோது எர்ன்ஸ்டுக்குக் கிடைத்தது தெற்கோரத்துத் துண்டு நிலம்.

நகரம் கைநழுவியதும் ஓட்டோவின் காலத்தில் அன்று. அவருடைய பாட்டனார் பருத்த ஆல்பிரெக்ட், கோட்டிங்கனின் மேற்கு மதிலுக்கு வெளியே, நகரத்துக்குப் போட்டியாக ஒரே தெருவைக் கொண்ட ‘புதுநகரம்’ ஒன்றை எழுப்பினார். அவர் மகன் காலத்தில், 1319-இல், கோட்டிங்கன் நகரத்தார் அதையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். போட்டிக்கு வைத்த கடையைப் போட்டியாளரிடமே விற்ற குடும்பம் இது! ஓட்டோ பிறக்கும் முன்பே பணம் எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வடபுலத்தான்:
புதுநகரச் செய்தியை ஏற்கிறேன். ஆனால் வறுமை வேறு, வம்பு வேறு. பக்கத்திலேயே இருந்த பங்காளிகளான குரூபென்ஹாகன் கிளையினரும் சிறிய நிலத்தைத்தான் ஆண்டார்கள். அதையும் தங்களுக்குள் பலமுறை துண்டு போட்டார்கள். அவர்களுடைய ஐன்பெக் நகரம் பீருக்குப் பேர் பெற்றதே தவிர, கோமகன்களுக்கு அடங்கிய நகரம் அன்று. அப்படியிருந்தும் அந்தக் கிளை 1596 வரை நிலைத்தது. பாகப்பிரிவினைதான் நோய் என்றால், அது முதலில் கொன்றிருக்க வேண்டியது அவர்களை.

நிலவறை:
இருவருமே அண்டை நாடான ஹெஸ்ஸேயின் விவகாரத்தை விட்டுவிட்டீர்கள். கொடிய ஓட்டோவின் தாய் எலிசபெத், ஹெஸ்ஸேயை ஆண்ட இரண்டாம் ஹைன்ரிஷின் மகள். ஹைன்ரிஷின் ஒரே மகன் 1366-இல் இறந்தபோது, மகள்வயிற்றுப் பேரனாகிய ஓட்டோ தனக்கு உரிமை உண்டு என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை. பாட்டனாரோ மறு ஆண்டே தம்பி மகன் ஹெர்மனைத் தம்மோடு ஆட்சியில் அமர்த்தினார். விண்மீனைச் சின்னமாகக் கொண்ட ‘ஸ்டெர்னர்’ என்ற மாவீரர் கூட்டணியோடு ஓட்டோ சேர்ந்து போரிட்டது இதற்காகத்தான். ஹெஸ்ஸே கிடைத்திருந்தால் பாகப்பிரிவினையில் இழந்ததைப் பல மடங்காக மீட்டிருப்பார். தோற்றதால் வம்புக்காரர் ஆகிவிட்டார்; அந்தக் காலத்தில் வாரிசுரிமைக்காக வாளெடுக்காத கோமகன் யார்?

வடபுலத்தான்:
உரிமை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். திருச்சபையோடு அவருக்கு என்ன வாரிசுத் தகராறு? சபைவிலக்குத் தண்டனை நீங்காமலேயே 1394-இல் அவர் இறந்தார். வீப்ரெஷ்ட்ஸ்ஹவுசன் மடத்துக் கோயிலுக்கு வடபுறம், புனிதப்படுத்தப்படாத மண்ணில்தான் புதைத்தார்கள். பிறகு மன்னிப்பு கிடைத்து, கல்லறைமேல் சிற்றாலயம் எழும்பியது உண்மைதான். அது மகன் பட்ட பாட்டைக் குறைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
அந்த மகனைப் பற்றித்தான் நானும் கேட்க நினைத்தேன். ஒற்றைக்கண் ஓட்டோ ஆண்மகவு இன்றி 1463-இல் இறந்ததால் கிளை முடிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். வம்சம் அற்றுப்போவதும் ஆட்சி அற்றுப்போவதும் ஒன்றல்ல. அவர் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகியது 1435-இல். அதன்பின் 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். தந்தை பட்ட கடனே காரணம் என்றால், நாற்பதாண்டுக்கு மேல் ஆண்டவருக்கு அதைத் தீர்க்கக் காலம் போதவில்லையா? நிலம் சிறுத்து, வரி கொடுக்கும் நகரமும் கைவிட்டுப்போன பின்பு தீர்ப்பதற்கு வருவாய் இல்லை என்பதே என் வாதம். குரூபென்ஹாகனைக் காட்டினீர்களே, அவர்களுக்கு வாரிசு பிறந்துகொண்டே இருந்தது என்பதைத் தவிர வேறு எந்த வலிமை இருந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.