பாம்பனில் ஊர் வரலாற்று நாள் நடத்தப் போகிறோம்: எந்த நாளில், எப்படி நடத்தலாம்?

பாம்பன் டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாம்பனைச் சேர்ந்தவள். மண்டபம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஊரில் எல்லாரும் வந்து உட்காரும்படி ஒரு வரலாற்று நாள் நடத்த வேண்டும் என்று நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். கட்டணம், அழைப்பிதழ் எதுவும் கிடையாது. சாதி, மதம், தெரு என்ற பேச்சும் கிடையாது.

எங்களுக்கு அவசரம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். என் அம்மாச்சி வீட்டார் உடுத்திய துணியோடு அங்கிருந்து வந்தவர்கள். அம்மாச்சி இப்போது இல்லை. அவருக்கு அக்காள் தங்கை முறையில் இரண்டு மூன்று பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது மந்தம், இன்னொருவருக்குப் பார்வை போய்விட்டது. நினைவு மட்டும் துல்லியம். கப்பலேறப் போகிறவர்களுக்கு யார் இட்லி விற்றார்கள், எந்த வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்தது என்பது வரை சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு பாரம்பரிய விழா நடந்தது. புயலைக் கண்ணால் பார்த்த பெரியவர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை எல்லாம் முடிந்து மைக் அவர்களிடம் வந்தபோது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. ஒரு தாத்தா பேசத் தொடங்கியதும், "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார்கள். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

நாள் டிசம்பர் 22-ஆக இருக்கலாமா? முதியவர்களைப் பேச வைப்பதும் பதிவு செய்வதும் எப்படி? வீட்டிலிருக்கும் பழைய பொருள்களைக் கொண்டுவரச் சொன்னால் அவற்றை எப்படிக் கையாள்வது? மறுநாள் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போகவும் எண்ணம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம் எழுதியது:

டீச்சர் அம்மா, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புயல் என்றால் எல்லாரும் அந்த ரயிலைத்தான் கேட்பார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியைத் தொடுவதற்குச் சற்று முன் அலையில் போனது. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பகுதியும் போயிற்று, நடுவில் உள்ள தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. ஆறு மாதம் ஆகும் என்று நினைத்த வேலையை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இவை எல்லாம் அச்சில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். உங்கள் தெருப் பாட்டிகளிடம் இதைக் கேட்டால் அவர்களும் பேப்பரில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள்.

புயலுக்கு முந்தின காலத்தைப் பற்றிக் கேளுங்கள் அம்மா. 1914-க்கு முன் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பாலம் திறந்த பிறகுதான் போட் மெயில் ரயில் தனுஷ்கோடிக்கு வந்தது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்வார். இர்வின், கோஷன் என்று கப்பல்கள் ஓடின. இவ்வளவு நடமாட்டம் இருந்த ஊரில் மூட்டை தூக்கியவர் யார், சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது என்ன நடந்தது, மண்டபம் முகாமில் இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களைத் தடுத்து வைத்து மருத்துவப் பரிசோதனை செய்த காலத்தில் அவர்களுக்குச் சோறு சமைத்தவர் யார்? அந்த வேலைகளைச் செய்தவர்களின் பிள்ளைகள் உங்கள் தெருவில்தான் இருப்பார்கள். புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் கப்பல் ஓடியது. அதில் போய்வந்தவர்களும் இருப்பார்கள்.

நம் ஊர் வரலாறு என்றால் பாம்பனில் உள்ள குந்துகால் துறையையும் சொல்வார்கள். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் அங்கே கரையிறங்கினார், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அன்று அந்தத் துறையில் படகு வலித்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள் அல்லவா?

இன்னொன்று. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாகிவிட்டது. பழைய தூக்குப்பாலத்தைக் கையால் திருகித் தூக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று சக்கரத்தைத் தள்ளிச் சுற்றுவார்கள், பாலத்தின் இரண்டு கைகளும் மெல்ல மேலே எழும். அதை ஒரு பையனிடம் நடித்துக் காட்டச் சொல்லிப் படம் பிடியுங்கள். எழுத்தில் அது பிடிபடாது.

கிழக்குத்தெரு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் கீழக்கரை. எங்கள் தெருவில் பெண்கள் மட்டும் கூடும் ஒரு சிறிய சந்திப்பை நடத்தி வருகிறோம். அதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பொதுக் கூட்டத்தில் எங்கள் உம்மாமார் வாய் திறக்க மாட்டார்கள். அதே ஆட்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் மாலை மஃரிப் தொழுகை வரை பேசுவார்கள். அதனால் நாளை இரண்டாகப் பிரியுங்கள். முற்பகலில் ஏதாவது ஒரு வீட்டில் பெண்கள் மட்டும், பிற்பகலில் வெளியே எல்லாரும். மைக் வேண்டாம். போன் ஒன்று போதும். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள், அழைப்பு வராதபடி செய்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கடற்கரையில் உட்கார்ந்து பதிவு செய்தால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். பேசுகிறவர் முதலில் தன் பெயர், வயது, தெரு, பிறந்த ஊர் ஆகியவற்றைத் தன் குரலில் சொல்லட்டும். கடைசியில், இதை யார் யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள்.

பொருள்களைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீடுகளில் அரபுத் தமிழில் எழுதிய ஏடுகள், கொழும்பிலிருந்து வாப்பா எழுதிய கடிதங்கள், சங்கு முத்து வியாபாரக் கணக்குகள் எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த பேத்தி இருப்பாள். எழுத்துக் கூட்டினால் வருவது தமிழ் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் சந்திப்பில் ஒரு பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஒரு தாலாட்டை அப்படி வரிவரியாகப் படித்தார்கள். இவள் எழுத்தைச் சொல்ல, அவர் அதைப் பாட்டாக்கினார்.

காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, பகல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, உரியவர் எழுந்து போகும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். லேமினேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். டேப்பும் ஒட்டக் கூடாது. உப்புக் காற்றில் ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கும் தாளைச் சூடு காட்டிப் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தாலே போதும்.

வைகை முகத்துவாரம் எழுதியது:

வணக்கம் சகோதரி. அழகன்குளம் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் கூட்டம் போட்டால் கட்டாயம் யாராவது ஒரு பழைய காசைக் கொண்டுவருவார்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 1986-87 முதல் பல கட்டமாக மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், மதுக்குடுவை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே நம் கடற்கரையில் கிணறு தோண்டினாலும் அஸ்திவாரம் போட்டாலும் ஏதாவது வரும். காசு கொண்டுவருகிறவரை எல்லார் முன்பும் நிறுத்தி விலை பேசும்படி விட்டுவிடாதீர்கள். பூமிக்குள்ளிருந்து கிடைத்தது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

பிள்ளைகளிடம் கொடுக்க நல்லது கருப்பு-சிவப்பு ஓடு. உடைந்த விளிம்பை வெயிலில் பிடித்தால் உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, நடுவில் நிறம் மாறும் கோடு தெரியும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப்படாத உள்புறம் கருத்துவிட்டது. இதை நான் சொல்லிக் கொடுப்பதைவிட பானை செய்யும் வேளார் ஒருவரை அழைத்துவந்து சொல்லச் செய்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சில அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இருக்கின்றன. அந்த மாணவர்களையும் அழையுங்கள், ஓடு தொடுவதில் அவர்களுக்குக் கை பழகியிருக்கும்.

தனுஷ்கோடிக்குப் போவதானால் காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். நிழல் கிடையாது, குடிநீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இடிந்த தேவாலயச் சுவரில் பவளக் கற்களைப் பாருங்கள்: மூளை மடிப்புப் போன்ற வரிகள் அப்படியே தெரியும். ஒரு காலத்தில் உயிரோடு கடலுக்குள் இருந்தவை. விரலால் தடவிப் பார்க்கட்டும், ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பவளத்தை எடுத்துச் செல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வசதியிருந்தால் இன்னொரு நாள் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கும் ஒரு வேன் பிடியுங்கள். சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் சுவரில் தீட்டியிருக்கின்றன. நம் பிள்ளைகள் பலர் அந்த வாசலைத் தாண்டி பஸ்ஸில் போவார்கள், உள்ளே போனதில்லை.

சின்னப்பாலம் எழுதியது:

அக்கா, டிசம்பர் 22 வேண்டாம். அடைமழை ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் வேலை ஒரு பக்கம். அதைவிட, அன்று பல வீடுகளில் செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற நாள். அந்த நாளில் போய்ப் போனை நீட்டினால் மனம் நோகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு ஊரில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் ஒரு நாள் விசைப்படகு, ஒரு நாள் நாட்டுப்படகு என்று யாராவது கடலில் இருந்துகொண்டே இருப்பார்கள். எல்லாரையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. கடல்பாசி எடுக்கும் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் தீவுப் பக்கம் போவார்கள். அந்த நாள்களில் கூட்டம் வைத்தால் என் அம்மா வர மாட்டார். எங்கள் அம்மாமார் துணியை விரலில் சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுப்பதும் வரலாறுதானே? அதையும் ஒருவர் கேட்கட்டும்.

பாம்பன் டீச்சர் எழுதியது:

தங்கை சொன்னதுதான் சரி. எங்கள் வீட்டிலும் டிசம்பர் 22 அன்று விளக்கேற்றிவிட்டு யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏப்ரல் 18 உலக மரபு நாள், தடைக்காலத்தின் நான்காம் நாள். அதையொட்டி, அமாவாசை பௌர்ணமி தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று இன்று மாலை பேசினோம். பள்ளித் தேர்வு முடியாமல் இருந்தால் மே மாதத்துக்குப் போகும். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பெண்கள் மட்டும், எங்கள் சித்தி வீட்டுக் கூடத்தில். வெயில் தாழ்ந்த பிறகு கரையில், வலை பின்னும் கொட்டகையில் எல்லாரும்.

மேடை கிடையாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரே ஒரு விதி: முதல் ஒரு மணி நேரம் அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். நன்கொடை தர முன்வந்த ஒருவர் தன் படம் போட்ட பிளெக்ஸ் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். டீயும் பனங்கருப்பட்டியும் தெருவே பார்த்துக்கொள்ளும்.

தண்டவாளம் ஐயா, தூக்குப்பாலத்தைக் கையால் சுற்றியவர்களில் யாராவது மண்டபம், பாம்பன் பக்கம் இருந்தால் எங்கள் கூட்டத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம். அவர்கள் சம்மதித்த பிறகு நாங்களே வீட்டுக்குப் போய் முறைப்படி அழைக்கிறோம். கீழக்கரை சகோதரி, அந்தத் தாலாட்டைப் படித்த பாட்டியும் பேத்தியும் பாம்பன் வர முடியுமா? போக்குவரத்துக்கு வண்டி ஏற்பாடு செய்கிறோம், இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். அழகன்குளம் ஐயா, ஓடு பற்றிச் சொல்ல வரும் வேளாரோடு உங்கள் மாணவர்கள் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கிறது.