ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர், மானிட்டரிங் எது போடலாம்?

தாம்வே_பையன்:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல ஒரு பருப்பு கம்பெனிக்கு கணக்கு சாப்ட்வேர் பாத்துக்கிறேன், உளுந்து துவரை மூட்டைக் கணக்கு பூரா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஓடுது. ஒரே சர்வர், 8 ஜிபி ரேம், உபுண்டு, குடோன் பின்னாடி ரூம்ல இன்வெர்ட்டரோட கெடக்கு. சர்வர் படுத்தா எனக்கு முன்னாடி உனக்குத் தெரியணும்ங்கிறார் மொதலாளி. சர்வரைக் கண்காணிக்கிற மானிட்டரிங் சாப்ட்வேர் தேடிப் பாத்தா ஜாபிக்ஸ், புரோமிதியஸ், நெட்டேட்டான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. டாலர்ல காசு கட்ற சர்வீஸ் வேணாம், கார்டு இல்ல. எதப் போட?

பெகு_ஆளு:
ஜாபிக்ஸ் வேணாம் தம்பி. நல்ல சாமான்தான், ஆனா அதுக்கே தனியா ஒரு டேட்டாபேஸ் வேணும், அப்புறம் அதையும் நீதான் கட்டி மாரடிக்கணும். புரோமிதியஸ்னா அளவெடுத்துக் குடுக்க எக்ஸ்போர்ட்டர், கிராப் காட்ட கிராபானா எல்லாம் சேத்து நிறுத்தணும், ஒரு மெஷினுக்கு எதுக்கு அவ்ளோ. நெட்டேட்டா போடு, பிரவுசர்ல சர்வரோட 19999 போர்ட்ட தொறந்தா செகண்டுக்கு செகண்ட் தெரியும். அதுக்குன்னு போஸ்ட்கிரெஸ்ல ஒரு யூசர் போட்டு, நெலவரம் பாக்க மட்டும் விடுற பிஜி_மானிட்டர் ரோல் குடு, போஸ்ட்கிரெஸ் 10ஆம் வெர்ஷன்லேர்ந்து இருக்கு, சூப்பர்யூசர் பாஸ்வேர்டைத் தூக்கி குடுத்துறாத.

மோல்மீன்_அக்கா:
அதெல்லாம் சரி, சர்வர் படுத்தா நெட்டேட்டாவும் கூடவே படுத்துரும், அப்ப யாரு சொல்றது? பாக்குற ஆள் வேற பெட்டில இருக்கணும். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு, சிம் போட்டு அதே ரூம்ல வை, வைபைல சேத்து டெர்மக்ஸ் போடு, போன்லயே லினக்ஸ் கமாண்ட் அடிக்கிற ஆப் அது. போஸ்ட்கிரெஸ் உசுரோட இருக்கான்னு கேக்குற பிஜி_இஸ்ரெடி கமாண்ட நிமிஷத்துக்கு ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டும், வரிசையா மூணு தடவ பதில் வரலன்னா டெர்மக்ஸ் ஏபிஐங்கிற துணை ஆப் வழியா எஸ்எம்எஸ் போகட்டும். நெட் லைன் போனாலும் எஸ்எம்எஸ் போகும்ல, நம்ம ஊருக்கு அதான் முக்கியம். ரவுட்டர மறக்காம இன்வெர்ட்டர்ல சொருகு, இல்லன்னா கரண்ட் போறப்பல்லாம் பொய் அலாரம் அடிச்சு உசுர வாங்கும். டெர்மக்ஸ்ல வேக்லாக்கும் போட்ரு, இல்லன்னா ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வச்சுரும்.

சும்மா_வந்தவன்:
கிராப் பாத்து ரசிக்கிறத விட டிஸ்க்க பாருங்க. போஸ்ட்கிரெஸ் மாற்றங்கள எழுதி வைக்கிற லாக் பைல பேக்கப்புக்கு காப்பி பண்ற ஆர்க்கைவ் கமாண்ட் பெயில் ஆகிட்டே இருந்தா, அந்த பைல் இருக்குற பிஜி_வால் போல்டர் வீங்கிட்டே போயி டிஸ்க் நெறஞ்சு டேட்டாபேஸே நின்னுரும், சத்தமே வராது. 80 சதவீதம் தாண்டுனா மெசேஜ் வர்ற மாதிரி வைங்க. யூபிஎஸ்ல யூஎஸ்பி போர்ட் இருந்தா, யூபிஎஸ்ஸ கவனிக்கிற நட் (NUT) சாப்ட்வேர் போட்டு பேட்டரி தீர முன்னாடி ஒழுங்கா ஷட்டவுன் ஆக வைங்க. சில மலிவு எஸ்எஸ்டி டிஸ்க், எழுதிட்டேன்னு சொல்லிட்டு எழுதாம இருக்கும், பட்டுன்னு கரண்ட் போனா டேட்டா கெட்டுப்போக சான்ஸ் இருக்கு. ரொம்ப நேரம் எடுக்கிற ஸ்லோ குவெரி புடிக்க போஸ்ட்கிரெஸ் கூட வர்ற பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் போதும், ஆனா போட்டதும் போஸ்ட்கிரெஸ்க்கு ஒரு ரீஸ்டார்ட் கேக்கும், ராத்திரி பண்ணிக்கங்க.

தாம்வே_பையன்:
நெட்டேட்டாவும் போனும் ரெண்டையுமே போட்டுடறேன். அக்கா, போன் எந்நேரமும் சார்ஜ்ல கெடந்தா பேட்டரி உப்பிராது?

மோல்மீன்_அக்கா:
உப்பும். அத மட்டும் இன்வெர்ட்டர்ல சொருகாத, நேரா லைன்ல சொருகு. ரங்கூன்ல எங்க எந்நேரமும் சார்ஜ் ஏறப்போவுது. மாசத்துக்கு ஒருக்கா பின் மூடியத் தடவிப் பாத்துக்க.