மோரிஸ் மைனர் 1000: பிரேக் மிதித்தால் இடது பின்விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் மங்குகிறது

மைனர்_ரோஸ்ஹில்

வணக்கம். வண்டி 1966 மாடல் மோரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு. டைனமோதான், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டித் தகட்டோடு சேர்ந்தது), எதையும் மாற்றவில்லை. போன மாதம் தகடு வேலையும் பெயிண்டும் முடிந்தன. அதன் பிறகு பின்விளக்குகளில் இந்தத் தொந்தரவு:

சைடு லைட் போட்டால் இரண்டு பக்கமும் எரிகிறது, இடது கொஞ்சம் மங்கல். பிரேக் மிதித்தால் வலது பளிச்சென்று வருகிறது; இடது இருந்ததைவிட மங்கிவிடுகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால், மஞ்சள் எரியும்போது சிவப்பு மங்குகிறது, மஞ்சள் அணைந்ததும் சிவப்பு தெளிகிறது. இது தவிர, பிரேக் விளக்கு வரவே பெடலை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது.

பல்புகள் புதிது. இடது ஹோல்டரில் பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது, அதனால் வயர் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்பக்க வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். ஃபிட்னஸ் சோதனைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கம்பிக்காரர்

வயரிங்கை மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் இடது விளக்கின் எர்த்தைத்தான் காட்டுகின்றன. பிரேக் பெடல் விஷயம் வேறு பழுது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மைனரில் பின்விளக்குக்குத் தனி எர்த் வயரை நம்பியிருக்க முடியாது. விளக்கின் உலோக உடல், திருகு, மட்கார்டு தகடு என்றுதான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிறது. தோலியே, அதாவது தகடு வேலைக்காரர், பழைய பெயிண்டைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் கெட்டியாக அடித்து, அதன் மேலேயே விளக்கை மாட்டியிருப்பார். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. திருகின் மரையில் ஒட்டியிருக்கும் கொஞ்ச உலோகம்தான் இப்போது உங்கள் எர்த். அதோடு நம் மொரீஷியஸ் தீவின் உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏன் மங்குகிறது என்றால், அந்தக் கூட்டில் 5 வாட் இழை, 21 வாட் பிரேக் இழை, 21 வாட் மஞ்சள் பல்பு மூன்றும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. 5 வாட் இழை 0.4 ஆம்பியர்தான் இழுக்கும், கெட்ட எர்த்தும் அதை ஓரளவு தாங்கும். பிரேக் இழை 1.75 ஆம்பியர் கேட்கும். அவ்வளவு கரண்ட் போகும்போது எர்த்திலேயே பாதி வோல்டேஜ் தங்கிவிடும், மிச்சம்தான் பல்புக்கு. பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும்: வோல்டேஜ் 30 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும், பாதியானால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மஞ்சளோடு சிவப்பு ஏறி இறங்குவதும் இதனால்தான்.

பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். வயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். எப்போதும் பல்பு எரியும்போது அளக்க வேண்டும்.

பல்பைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோக உறையில் வையுங்கள். மறு முனை பேட்டரியின் எர்த் முனையில், உங்கள் வண்டியில் அது பிளஸ். கேபிள் எட்டாவிட்டால் நீளமான வயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சைடு லைட் போட்டு, இக்னிஷன் போட்டு, வேறொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது. மைனஸ் குறி வந்தால் பயப்பட வேண்டாம், முனைகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். வலது பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள்.

பிறகு ஒரு வயரை ஹோல்டர் உறையிலிருந்து பேட்டரி எர்த்துக்கு நேராகப் பிடியுங்கள். விளக்கு உடனே தெளிந்தால் பழுது எர்த்தில்தான்.

மைனர்_ரோஸ்ஹில்

மிக்க நன்றி அண்ணா. அளந்தேன். பிரேக் மிதித்தபடி இடது 6.1 வோல்ட், வலது 0.1. வயரை நேராகப் பிடித்ததும் இடது பளிச்சென்று வந்துவிட்டது. நிரந்தரமாக எப்படிச் செய்வது? புதுப் பெயிண்டைச் சுரண்ட மனம் வரவில்லை.

கம்பிக்காரர்

வெளியே சுரண்டவே வேண்டாம். தனி எர்த் வயர் போடுங்கள். கறுப்பு நிறம், 28/0.30 அளவு, அதாவது 2 சதுர மில்லிமீட்டர். மூன்று பல்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 ஆம்பியர்தான், இந்த வயர் 17.5 ஆம்பியர் தாங்கும். ஒரு முனையை ஹோல்டரின் உலோகத் தட்டில் திருகுங்கள், அல்லது சுத்தம் செய்து ஈயம் வையுங்கள். மறு முனையில் வளைய டெர்மினல் அழுத்தி, டிக்கிக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு போல்ட்டில் மாட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் காசு அகலத்துக்குத் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷரைத் தகட்டுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். வலது பக்கத்துக்கும் இதையே செய்துவிடுங்கள், இன்று 0.1 காட்டுவது இரண்டு மழைக்காலம் தாங்காது.

டிக்கியில் வயர்களை இணைக்கும், ரப்பர் உறைக்குள் இருக்கும் புல்லட் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சிவப்பு வயர் சைடு லைட், பச்சையில் ஊதாக் கோடு பிரேக், பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. புல்லட் பச்சை பூத்திருந்தால் தேய்க்கலாம், ஆனால் உறைக்குள் இருக்கும் குழாயைத் தேய்க்க முடியாது, புதிதாகப் போடுவதே மேல்.

குர்பிப்_பட்டறை

பெடல் விஷயம். மைனரில் பிரேக் ஸ்விட்ச் பெடலில் இல்லை. தரைக்குக் கீழே, பிரேக் குழாய் பிரியும் இடத்தில் திருகியிருக்கும், பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும். ஃபியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து பச்சை வயர் அதற்குள் போகும், பச்சை-ஊதா வெளியே வரும்.

இக்னிஷனைப் போட்டு, ஸ்விட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவிடுங்கள். இரண்டு பிரேக் விளக்கும் முழுதாக எரிந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி. அழுத்தி மிதித்தால்தான் எரிகிறது என்பது அதன் உள் முனைகள் கருகியதற்கு வழக்கமான அடையாளம். பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கழற்றும்போது புதியதைக் கையில் வைத்திருங்கள், ஆயில் சொட்டும். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். மாட்டிய பின் பெடல் பஞ்சு போல இருந்தால் பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுங்கள். கசிவு பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்கவே கூடாது.

இப்போது வரும் ஸ்விட்சுகள் 3.5 ஆம்பியரைச் சுமந்து சீக்கிரம் கருகுகின்றன. ஒரு சாதாரண நாலு கால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) வைத்தால் ஆயுள் கூடும். கால்களின் எண்படி: ஸ்விட்சிலிருந்து வருவது 86, எர்த் 85, ஏ4 பச்சை 30, விளக்குக்குப் போகும் பச்சை-ஊதா 87. ரிலேக்குள் டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) இருக்கக் கூடாது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது தலைகீழாக நின்று ஷார்ட் ஆகும்.

மாயேபூர்_62

இதைப் படிப்பவர்களில் 1961 முதல் 1963 வரை வந்த மைனர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. அவற்றில் பின்னால் மஞ்சள் விளக்கு இல்லை, பிரேக் இழையேதான் இண்டிகேட்டராகவும் மின்னும். அதற்காக லூகாஸ் டிபி10 என்ற ரிலே பெட்டி இருக்கும். ஒரு பக்கம் பிரேக் வரவில்லை, எர்த் நல்லது என்றால் அந்தப் பெட்டிக்குள் முனைகளைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, மெல்லிய அட்டையை நடுவில் விட்டு இழுத்தாலே போதும், உப்புத்தாள் வேண்டாம்.

எல்.இ.டி. பல்பு மாட்ட ஆசைப்படுவோருக்கு: பாசிட்டிவ் எர்த்துக்கென்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், மற்றது எரியாது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி. போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.

குர்பிப்_பட்டறை

ஃபியூஸையும் பார்த்துவிடுங்கள் தம்பி. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புதுவகை 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் உருகும். சிவப்பு வயருக்குப் பல மைனர்களில் ஃபியூஸே கிடையாது. லைட் ஸ்விட்சிலிருந்து சிவப்பு வெளியே வரும் இடத்தில் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். டிக்கியில் சாமான் உரசி அந்த வயர் தகட்டில் பட்டால், இப்போது தடுக்க எதுவும் இல்லை.

மைனர்_ரோஸ்ஹில்

எர்த் வயர் இரண்டு பக்கமும் போட்டாயிற்று: இடது 0.08, வலது 0.06. ஸ்விட்ச் வயர்களைத் தொடவிட்டதும் இரண்டும் முழுதாக எரிந்தன, புது ஸ்விட்ச் சொல்லியிருக்கிறேன். ஃபியூஸ் பெட்டியில் இருந்தது புதுவகை 35, எடுத்துவிட்டேன்.

கம்பிக்காரர்

நல்லது. மூடுவதற்கு முன் விளக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், தண்ணீர் அந்த வழியாகத்தான் ஹோல்டருக்குள் வருகிறது. பல்பைப் போடும்போது அதன் பக்கவாட்டில் உள்ள இரண்டு ஊசியும் வெவ்வேறு உயரம் என்பதைக் கவனியுங்கள். தேய்ந்த ஹோல்டரில் திருப்பிப் போட்டாலும் உள்ளே போய்விடும். அப்புறம் சைடு லைட்டுக்கு 21 வாட் எரியும், பிரேக்குக்கு 5 வாட்தான் எரியும்.